வெள்ளத்துக்கு அப்புறம் மஜ்லிஸுக்குக் காசு வாங்குறது எப்படி? எஸ்டேட் டவுன் கவுன்சிலருக்கும் தாமான் கமிட்டிக்கும் ஒரு வழிகாட்டி

வணக்கம். மலேசியாவுல ஜொகூர் மாநிலத்து செகாமாட் பக்கத்துல ஒரு எஸ்டேட் டவுன்ல இருந்து எழுதுறேன். ஒரு தவணை மஜ்லிஸ்ல (ஊராட்சி மன்றம்) கவுன்சிலரா இருந்தேன், இப்ப தாமான் (குடியிருப்பு) கமிட்டில செக்ரட்டரி. 2023 மார்ச் வெள்ளத்துக்கு அப்புறம் உடைஞ்ச கல்வெர்ட்டுக்கும் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற வழி) லோங்காங்குக்கும் (வடிகால்) காசு கேட்டு மஜ்லிஸ், பெஜாபாட் டாயிரா (மாவட்ட ஆபிஸ்), ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா), தோட்டத்து ஆபிஸ்னு ஏறி இறங்குனதுல தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் ஒரே எடத்துல போடுறேன். புதுசா கவுன்சிலரா வர்றவங்க, ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) கமிட்டில சேர்ந்தவங்க, ஆத்துல தண்ணி ஏறுற ஊர்ல வாழ்ற யாரா இருந்தாலும் இதைப் படிச்சிட்டு எங்களை விட சீக்கிரமா வேலையை முடிங்க.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அரசாங்கத்துல இதுக்குன்னு காசு ஒதுக்குறாங்க, ஆனா அது கஷ்டப்பட்ட ஊருக்குத் தானா வந்து சேராது, பைல் தயாரா இருக்குற ஊருக்குத்தான் போகும். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்குற நம்ம மாதிரி சின்ன மஜ்லிஸ்க்கு சுக்காய் தக்சிரான்ல (சொத்து வரி) வர்ற வருமானம் குப்பை அள்ளவும் சம்பளம் குடுக்கவுமே சரியாப் போயிடும், பெரிய லோங்காங் ஒண்ணு கட்டணும்னா வெளிய கேட்டுத்தான் ஆகணும், அதனால கேக்கத் தெரிஞ்சுக்கிறது நம்ம வேலையில பாதி.

1. மூணு காசையும் முதல்ல பிரிச்சுக்கோங்க

தண்ணி வடிஞ்ச மறுநாளே ஜனங்க "காசு எப்ப வரும்"னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்குள்ள மூணு தனித்தனி காசு இருக்கு.

முதலாவது, வீட்டுக்காரங்க கைக்கு வர்ற பந்துவான் வாங் இஹ்சான், அதாவது நிவாரணப் பணம். தேசியப் பேரிடர் நிர்வாக ஏஜென்சியான நட்மா குடுக்குறது, ஒரு குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டாவது, உடைஞ்சதைப் பழையபடி ஆக்குற காசு, அதாவது ரோடு, கல்வெர்ட்டு, சரிஞ்ச கரை, பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்). மூணாவது, அடுத்த மழைக்குத் தண்ணி ஏறாம இருக்க செய்யற வேலைக்கான காசு, பெரிய மன்சூன் லோங்காங், தண்ணி தேக்குற குளம், பம்பு, ஆத்துக்கரை பலப்படுத்துறது.

முதலாவது எல்லாம் ஒழுங்கா இருந்தா வாரக்கணக்குல முடியும். ரெண்டாவது மாசக்கணக்கு. மூணாவது சின்ன வேலைன்னாலே ஒரு வருஷம் ஆகும், ஜேபிஎஸ் செய்யற ரஞ்சாங்கான் தெபாத்தான் பாஞ்சிர் (வெள்ளத் தடுப்புத் திட்டம்) மாதிரி பெரிய திட்டம்னா பல வருஷம். இதை ஜனங்ககிட்ட முதல் கூட்டத்துலயே சொல்லிடுங்க, இல்லன்னா 1,000 வெள்ளி வந்த அன்னிக்கே "அரசாங்கம் குடுத்துட்டாங்க"ன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க, லோங்காங் அப்படியே கெடக்கும்.

இதுல பெரிய கண்ணி, ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே லெட்டர்ல எழுதுறது. உடைஞ்சதை அவசரமா சரி பண்றதுக்கு பெரொலேஹான் டாருராட்னு (அவசரக் கொள்முதல்) ஒரு வழி இருக்கு, வழக்கமான சேபுத் ஹார்கா (விலைப்புள்ளி), டெண்டர் எல்லாம் இல்லாம சீக்கிரம் வேலையை ஆரம்பிக்கலாம். ஆனா அந்த வழி பழைய நிலைக்குக் கொண்டு வர்றதுக்கு மட்டும்தான். "கல்வெர்ட்டு உடைஞ்சிடுச்சு, மாத்தும்போது இன்னும் பெருசாப் போட்டுக் குடுங்க"ன்னு ஒரே லெட்டர்ல எழுதுனா அது அவசர வேலை இல்லைன்னு ஒதுக்கி வெச்சிடுவாங்க, அப்புறம் ரெண்டுமே நடக்காது. ரெண்டு லெட்டரா அனுப்புங்க, ரெண்டு பைல் நம்பர் வாங்குங்க.

2. தண்ணி நிக்கும்போதே ஆதாரம் எடுங்க

என்னைக் கேட்டா இந்த வழிகாட்டியில இதுதான் உசுரு. மத்த படி எதுல தவறுனாலும் அப்புறம் சரி பண்ணிக்கலாம், ஆனா வடிஞ்ச தண்ணியை யாராலயும் திருப்பிக் கொண்டு வந்து காட்ட முடியாது. ஆபீசர் பாக்க வரும்போது தரை காஞ்சிருக்கும், வெயில் அடிக்கும், நீங்க கையை நெஞ்சு வரைக்கும் தூக்கிக் காட்டி "இவ்வளவு தண்ணி"ன்னு சொல்லிட்டு நிப்பீங்க.

படம் எடுக்கும்போது போன்ல லொகேஷனைத் திறந்து வைங்க. வீட்டு நம்பர், ரோட்டு பேர் போர்டு, லைட் கம்பம், இப்படி அசையாத ஏதாவது ஒண்ணு படத்துல தெரியணும், சும்மா பழுப்புத் தண்ணியா இருந்தா அது எந்த ஊர்னு யாருக்குத் தெரியும். முடிஞ்சா அளவுகோலோ மீட்டர் டேப்போ சுவத்துல வெச்சு எடுங்க. எடுத்த படத்தை வாட்சப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, வாட்சப் படத்தைச் சுருக்கிடும், அதுக்குள்ள இருக்குற எடம், நேரம் பத்துன தகவலும் போயிடும். டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா ஒருத்தர் பொறுப்பா எல்லார் போன்ல இருந்தும் ஒரிஜினலை காப்பி எடுத்து வெச்சிக்கோங்க.

தண்ணி வடிஞ்ச உடனே சுவத்துல சேத்துக்கோடு இருக்கும். கழுவுறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டு மேல மார்க்கர் பேனாவுல தேதி போட்டுட்டு படம் எடுங்க, தரையில இருந்து எத்தனை சென்டிமீட்டர்னு ஒரு நோட்டுல எழுதுங்க. வீடு வீடா இது நடக்கணும். கஷ்டத்துல இருக்குறவங்க வீட்டுக்குள்ள போய் டேப் புடிக்கிறது மனசுக்கு சங்கடமாத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிட்டு செய்யுங்க, காரணம் புரிஞ்சா அவங்களே டேப்போட மறுமுனையைப் புடிச்சிக்குவாங்க. கோத்தோங் ரோயோங்னு வெளியூர்ல இருந்து லோரி போட்டு உதவிக்கு வர்றவங்க ரொம்ப நல்ல மனசோட எல்லாத்தையும் அள்ளிப் போட்டு கழுவிடுவாங்க, அதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க ஒரு சுத்து போய் படம் எடுத்துடணும். வீதியில குவிச்ச மெத்தை, பிரிட்ஜ், அலமாரி குவியலையும் எடுங்க.

அடுத்தது மழையும் ஆறும். ஜேபிஎஸ்ஸோட இன்போபாஞ்சிர் வெப்சைட்டுல உங்களுக்குக் கிட்ட இருக்குற ஸ்டேஷன்ல மழை அளவும் ஆத்து மட்டமும் வரும், நோர்மால் (இயல்பு), வஸ்பாடா (உஷார்), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து)ன்னு நாலு நிலை காட்டும். மணிக்கொரு தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. இது ஏன்னா, பின்னாடி எல்லா ஆபிஸ்லயும் கேக்கப் போற முதல் கேள்வி "புன்ச்சா பாஞ்சிர் (வெள்ளத்துக்குக் காரணம்) என்ன"ங்கிறதுதான். ஆறு பொங்கி வந்துச்சா, லோங்காங் நிரம்பி வந்துச்சா? ஆறு வஸ்பாடா நிலைக்கே வராதப்ப உங்க ரோட்டுல முழங்கால் தண்ணி நின்னுச்சுன்னா, கோளாறு லோங்காங்லதான்னு அந்த ஸ்கிரீன்ஷாட்டே சொல்லிடும். தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து முதல்ல வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு ஊர்ல வயசானவங்ககிட்ட உக்காந்து கேட்டு எழுதுங்க. எந்த வாய்க்கால் பழைய காலத்துல எங்க ஓடுச்சு, எதை மூடிட்டு வீடு கட்டுனாங்கங்கிறது அவங்களுக்குத்தான் தெரியும், எந்த பிளான்லயும் இருக்காது.

3. வீட்டுக்காரங்க பதிவு: ஒருத்தர் கூட விட்டுப் போகக்கூடாது

பிபிஎஸ்ல, அதாவது தற்காலிக நிவாரண மையத்துல, ஜேகேஎம் (சமூகநல இலாகா) ஆளுங்க பேர் பதிவாங்க. அங்க தங்குனவங்க பேர் தானா லிஸ்ட்ல வரும். பிரச்சனை யாருக்குன்னா, மகன் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் போய் தங்குனவங்களுக்கு. நம்மாளுங்க பாதிப் பேர் அப்படித்தான் போவாங்க, மையத்துல வயசானவங்களை வெச்சிக்கிட்டு படுக்க சங்கடம்னு. அவங்க வீட்டுல தண்ணி ஏறுனது உண்மைன்னு கேதுவா கம்போங்கோ (கிராமத் தலைவர்) பெங்குலுவோ (முக்கிம் தலைவர்) உறுதிப்படுத்தி, பெஜாபாட் டாயிரால இருக்குற மாவட்டப் பேரிடர் கமிட்டி வழியா பேர் போகணும். வந்து சொல்லலன்னா பேர் இருக்காது. அதனால கமிட்டி ஆளுங்க வீடு வீடா லிஸ்ட் எடுத்து, யார் எங்க போயிருக்காங்கன்னு கூப்பிட்டுக் கேட்டு, அதே வாரத்துல குடுத்துடுங்க.

கைல வேண்டியது ஐசி (அடையாள அட்டை) காப்பி, குடும்பத் தலைவர் பேர்ல பேங்க் அக்கவுண்ட் நம்பர், அந்த வீட்டுலதான் இருக்கோம்னு காட்ட கரண்ட் பில் இல்ல தண்ணி பில், வீட்டுப் படம். சிக்கல் வர்ற எடங்களைச் சொல்லிடுறேன். ஐசில வேற அட்ரஸ் இருக்கும், பில் செத்துப்போன அப்பா பேர்ல இருக்கும், அக்கவுண்ட் ரொம்ப நாளா போடாம எடுக்காம முடங்கிக் கெடக்கும், பேங்க்ல இருக்குற பேரும் ஐசி பேரும் ஒரு எழுத்து மாறி இருக்கும். இதெல்லாம் வெள்ளம் இல்லாத நாள்லயே சரி பண்ணிக்க வேண்டியது. ஒரே வீட்டுல ரெண்டு குடும்பம் இருந்தா தனித்தனியா பேர் குடுத்து, தனித்தனியா பாக்கச் சொல்லிக் கேளுங்க. வெள்ளத்துல ஐசி போச்சுன்னா ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) அந்தக் காரணத்தைச் சொல்லுங்க, பேரிடர்ல போனதுக்குக் கட்டணம் வாங்க மாட்டாங்க.

இந்தப் பதிவுக்கு எங்கயும் காசு கட்ட வேண்டியதில்ல. "நான் சீக்கிரம் வாங்கித் தரேன், 50 வெள்ளி குடுங்க"ன்னு வர்றவங்களையும், போன்ல ஓடிபி நம்பர் கேக்குறவங்களையும் கிட்டயே சேக்காதீங்க, முக்கியமா தனியா இருக்குற பாட்டிமாருங்ககிட்ட இதை நேர்ல போய் சொல்லுங்க.

இந்த லிஸ்டோட இன்னொரு காப்பி கமிட்டிகிட்ட இருக்கட்டும். எத்தனை வீடு, எத்தனை பேர், எவ்வளவு உயரம் தண்ணிங்கிற கணக்கு ஏழாவது படியில திரும்பவும் வேணும்.

4. லோங்காங் யாரோடதுன்னு கண்டுபிடிங்க

எங்க ஊர் பைல் ரொம்ப நாள் ஒரு ஆபிஸ்ல இருந்து இன்னொரு ஆபிஸ்க்குப் போயிட்டே இருந்துச்சு, காரணம் இதுதான். எல்லாரும் "இது எங்க பொறுப்பு இல்ல"ன்னு சொன்னாங்க, கோவம் வந்துச்சு, அப்புறம் நடந்து பாத்தா அவங்க சொன்னதுல நியாயமும் இருந்துச்சு, ஏன்னா ஒரே வாய்க்கால் பல கை மாறிப் போகுது.

எஸ்டேட் டவுன்ல தண்ணி போற வழியை நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்க. மேல செம்பனைத் தோட்டத்து மண் வாய்க்கால்ல ஆரம்பிக்கும், அது கம்பெனி நிலம். அப்புறம் ரயில் பாதைக்கு அடியில கல்வெர்ட்டு, அந்த நிலம் பெர்பாடானான் அசெட் கெரெத்தாபியோடது (ரயில்வே சொத்துக் கழகம்), ரயில் ஓட்டுறது கேடிஎம். அடுத்து பெரிய ரோட்டைத் தாண்டும், அது பெடரல் ரோடா ஸ்டேட் ரோடான்னு பாத்துக்கோங்க, ரெண்டையும் பாத்துக்கிறது ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா)தான், ஆனா காசு வர்ற பை வேற. அப்புறம் தாமானுக்குள்ள வந்தா 1974ம் வருஷத்து ரோடு, வாய்க்கால், கட்டட சட்டப்படி மஜ்லிஸ் பொறுப்பு. கடைசில ஆத்துல விழும், அங்க ஜேபிஎஸ்.

தாமான்லயும் ஒரு கண்ணி இருக்கு. டெவலப்பர் கட்டி வித்துட்டுப் போயிருப்பாரு, ஆனா ரோடும் லோங்காங்கும் மஜ்லிஸ்க்கு செராஹான் (ஒப்படைப்பு) ஆகியிருக்காது. செராஹான் ஆகாத லோங்காங்ல மஜ்லிஸ் காசு போட முடியாது, போட்டா ஆடிட்ல கேப்பாங்க. மஜ்லிஸ் எஞ்சினியரிங் பிரிவுல போய் "எங்க தாமான் ரோடு செராஹான் ஆயிடுச்சா, மாரிஸ்ல பதிவாயிருக்கா"ன்னு ரெண்டே கேள்வி கேளுங்க. மாரிஸ்ங்கிறது ரோடு பராமரிப்புக்கு மத்திய அரசு மாநிலத்துக்கு வருஷா வருஷம் குடுக்குற கிராண்ட், அதுல பதிவான ரோடுன்னா ரோட்டோரத்து லோங்காங், சின்ன கல்வெர்ட்டு பராமரிப்புக்கும் அதுல இருந்தே எடுக்க முடியும். பல தாமான் ரோடு பதிவே ஆகாம கெடக்கும், பதிவு பண்ண வெச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நிலம் யார் பேர்லன்னு சந்தேகம் வந்தா பெஜாபாட் தானால (நில ஆபிஸ்) கரியான் (நிலப் பதிவு விவரம்) எடுங்க, லாட் நம்பர் இருந்தா போதும், செலவு கொஞ்சம்தான். வாய்ல சொல்றதை நம்பி லெட்டர் எழுதாதீங்க. கடைசியா ஒரு வெள்ளைத் தாள்ல மேல இருந்து கீழ வரைக்கும் வாய்க்காலை வரைஞ்சு, ஒவ்வொரு துண்டுக்கும் யார் பொறுப்புன்னு எழுதி, அடைப்பு இருக்குற எடத்துல சிவப்பு வட்டம் போடுங்க. எங்க கைல இருந்த எல்லா பேப்பரையும் விட அந்த ஒரு தாள்தான் கூட்டத்துல வேலை செஞ்சுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். உங்க வீதி லோங்காங்கை மட்டும் பெருசாக்கக் கேக்காதீங்க. மேல அகலமாக்கிட்டு கீழ கல்வெர்ட்டு அதே சின்னதா இருந்தா தண்ணி வேகமா வந்து கீழ் தாமான்ல நிக்கும். ஜேபிஎஸ் மஸ்மாங்கிற வடிகால் மானுவல் வெச்சு முழு வாய்க்காலையும் கணக்குப் போட்டுத்தான் ஒத்துக்குவாங்க. கீழ் தாமான் கமிட்டியையும் சேத்துக்கிட்டு ஒண்ணாக் கையெழுத்துப் போட்டுக் கேட்டா உங்க பேச்சுக்கும் கனம் கூடும்.

5. தோட்டத்து நிலமா இருந்தா

லயத்துல (தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசை) இருக்குற ஜனங்களுக்குத்தான் எப்பவும் கடைசில வருது, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வீடு, வாய்க்கால், உள்ரோடு எல்லாமே கம்பெனி நிலத்துல இருந்தா மஜ்லிஸோ ஜேபிஎஸ்ஸோ பொதுப் பணத்தை அங்க போட முடியாது. ஆனா அதோட கதை முடியல. வேலை செய்யறவங்களுக்குத் தோட்டம் குடுக்குற வீடுன்னா, 446ம் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1990ல வந்தது, தொழிலாளிங்க வீடும் அடிப்படை வசதியும் எப்படி இருக்கணும்னு சொல்றது. வீட்டை ஒழுங்கா வெச்சிக்கிறது முதலாளி பொறுப்பு, அதைக் கண்காணிக்கிறது ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் இலாகா). வெள்ளத்துல சுவர் விழுந்துச்சு, கக்கூஸ் அடைச்சுக்கிச்சுன்னா முதல்ல தோட்டத்து ஆபிஸ்ல எழுத்துல குடுங்க, பதில் இல்லன்னா தெனாகா கெர்ஜாவுக்கு காப்பி போடுங்க. கிராணிகிட்ட (தோட்டத்து கிளார்க்) வாயால சொன்னதெல்லாம் கணக்குல வராது. வாங் இஹ்சான் இதுல சேராது, அது ஆளுக்கு வர்றது, நிலம் யாரோடதுங்கிறதால லயத்துக்காரங்க பேரை விட்டுடாதீங்க, மூணாவது படியை அவங்களுக்கும் செய்யுங்க.

பொது வாய்க்கால் தோட்டத்து வழியாத்தான் போகணும்னா கம்பெனி சம்மதக் கடிதம் வேணும். மேனேஜர் நல்ல மனுஷனா இருப்பாரு, "செய்யுங்க"ன்னு சொல்லிடுவாரு, ஆனா நில விஷயத்துல கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருக்காது. தலைமை ஆபிஸ்ல இருந்து வரணும், அதுக்கு மாசக்கணக்கு ஆகும், அதனால வேற எந்த வேலையையும் விட இந்த லெட்டரை முன்னாடியே அனுப்புங்க. கடிதத்துல எத்தனை அடி அகலம், எந்த லாட், எத்தனை மரம் போகும், யார் பராமரிப்பாங்கன்னு தெளிவா இருக்கணும். சம்மதம் கிடைக்கலன்னா அடுத்தது 1960ம் வருஷ நில எடுப்புச் சட்டம், அது நீண்ட வழி, செலவும் அதிகம். பேசி முடிக்கப் பாருங்க. தண்ணி தேங்குனா அவங்க மரத்துக்கும் சேதம்தான், பழம் ஏத்துற லோரியும் போக முடியாதுன்னு சொல்லிப் பாருங்க, அது அவங்களுக்குப் புரியற கணக்கு.

கோயிலுக்குத் தனி வழி. கேபிகேடில (வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு) முஸ்லிம் அல்லாதவங்க வழிபாட்டுத் தலங்களுக்குன்னு ஒரு நிதி இருக்கு, ரிபின்னு சொல்லுவாங்க, சேதமான கூரை, சுவரு, மதில் மாதிரி வேலைக்குக் கேக்கலாம். ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவு இலாகா) பதிவு உயிரோட இருக்கணும், வருஷாந்திரக் கணக்கு ஒழுங்காக் குடுத்திருக்கணும், நிலத்துக்கு ஏதாவது ஒரு எழுத்து வேணும். தோட்டத்துக் கோயில்ல இந்த மூணாவதுதான் இடிக்கும், நில அனுமதிக் கடிதத்தை கம்பெனிகிட்ட வாய்க்கால் சம்மதத்தோட சேத்தே கேட்டுடுங்க. தமிழ்ப்பள்ளிக்கூடம்னா தலைமையாசிரியர் மூலமா மாவட்டக் கல்வி ஆபிஸ்தான், மஜ்லிஸ் இல்ல.

6. எந்த வேலைக்கு எந்த வாசல்

சின்ன வேலை, அடைப்பு எடுக்குறது, ஸ்லாப் மாத்துறது, கொஞ்ச தூரத்துக்கு யூ டிரெயின் (U வடிவ வடிகால்) போடுறது, இதெல்லாம் மஜ்லிஸ் சொந்தக் காசு, இல்லன்னா சட்டமன்ற ஒய்பி (உறுப்பினர்), நாடாளுமன்ற ஒய்பி ஒதுக்கீடு. ஒய்பி ஒதுக்கீடு சீக்கிரம் கிடைக்கும் ஆனா தொகை சின்னது, அதை வெச்சு பெரிய வாய்க்காலைத் துண்டு துண்டாக் கட்ட ஆரம்பிக்காதீங்க. ரோடும் ரோட்டோர வாய்க்காலும் மாரிஸ். தாமான் அளவுல நடுத்தர வேலைன்னா மாநில அரசு ஒதுக்கீடு, கேபிகேடில ஜபாத்தான் கெராஜான் தெம்பாத்தான் (ஊராட்சி இலாகா) வழியா மஜ்லிஸ் விண்ணப்பிக்கிறது. மத்திய அரசோட சின்னச் சின்ன மக்கள் திட்டங்களுக்கு ஐசியு ஜேபிஎம்மோட (பிரதமர் துறையோட செயலாக்க ஒருங்கிணைப்புப் பிரிவு) மாநில ஆபிஸ். ஆறு, கரை, தேக்கக் குளம்னா ஜேபிஎஸ்.

கமிட்டி நேரடியா இதுல பெரும்பாலானதுக்கு விண்ணப்பம் போட முடியாது, மஜ்லிஸ்தான் போடணும். உங்க வேலை, மஜ்லிஸ் எஞ்சினியர் அப்படியே எடுத்து மேல அனுப்புற மாதிரி பைலைத் தயார் பண்ணிக் குடுக்குறது. கவுன்சிலரா இருந்தா இன்னொரு சௌகரியம் இருக்கு, விஷயத்தை மஜ்லிஸ் மாதக் கூட்டத்துல எழுப்பி மினிட்ல ஏத்துங்க. மினிட்ல இருக்குறதை அடுத்த கூட்டத்துல பதில் சொல்லித்தான் ஆகணும். வாட்சப் குரூப்ல யாங் டிபெர்துவாவுக்கு (மஜ்லிஸ் தலைவர்) அனுப்புன மெசேஜ் எந்த பைல்லயும் இருக்காது.

7. கெர்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை): பைலுக்குள்ள என்ன இருக்கணும்

மலாய்ல, ரெண்டு மூணு பக்கத்துக்கு மேல போகாம ஒரு முன்பக்கம், அதுக்குப் பின்னால இணைப்பு. இந்த வரிசையில வெச்சா படிக்கிறவங்களுக்குச் சுலபம்:

- எந்த எடம், எந்த முக்கிம் (மாவட்டத்துக்குள்ள இருக்குற உட்பிரிவு), லாட் நம்பர், ஜிபிஎஸ் புள்ளி, வரைபடம்
- எப்பப்ப தண்ணி ஏறுச்சு, எவ்வளவு உயரம், எத்தனை வீடு, எத்தனை பேர், அதுல எத்தனை வயசானவங்க, உடம்பு முடியாதவங்க
- தேதியோட படங்கள், இன்போபாஞ்சிர் ஸ்கிரீன்ஷாட்
- காரணம் என்ன, அந்த வாய்க்கால் தாள்
- என்ன வேலை வேணும், மஜ்லிஸ் எஞ்சினியரோ ஜேபிஎஸ்ஸோ போட்ட மதிப்பீடு
- நில நிலவரம், கரியான், சம்மதக் கடிதம்
- மஜ்லிஸ் கூட்ட மினிட், பெங்குலு ஆதரவுக் கடிதம்
- முடிஞ்சப்புறம் யார் பராமரிப்பாங்கன்னு மஜ்லிஸ் எழுதிக் குடுத்தது

கடைசியா இருக்குறதை நிறைய பேர் விட்டுடுறாங்க. காசு குடுக்குறவங்க பயப்படுறது அதுக்குத்தான், கட்டிட்டுப் போனப்புறம் சேறு அள்ள ஆள் இல்லாம போயிடுமோன்னு.

மதிப்பீட்டுல கவனம். தெரிஞ்ச காண்டிராக்டர்கிட்ட ஒரு விலை வாங்கி வெச்சிடலாம்னு தோணும், வேண்டாம். அது ஏத்துக்கப்படாது, பின்னால அவரே டெண்டர்ல வந்தா உங்க பேரும் கெடும். மஜ்லிஸ் எஞ்சினியரைக் கூட்டிட்டுப் போய் அளக்க வைங்க, அதுக்குக் காசு இல்ல. லோங்காங் விலையை மட்டும் பாத்துட்டு விட்டுடக்கூடாது, வழியில நிக்கிற டிஎன்பி கரண்ட் கம்பம், எஸ்ஏஜே தண்ணிக் குழாய், டெலிபோன் கேபிள் மாத்துற செலவு சில நேரம் பெரிய தொகை. எல்லை குழப்பமா இருந்தா லைசென்ஸ் உள்ள சர்வேயர் வேணும், அது ஆயிரக்கணக்குல ஆகும். பெட்டி கல்வெர்ட்டு மாத்துறப்ப மாற்று ரோடு போடுற செலவும் உண்டு. இதெல்லாம் சேக்காம கம்மியாக் கேட்டு பாஸானா, வேலை பாதியில நிக்கும், ரெண்டாவது தடவை கேக்குறது முதல் தடவையை விடக் கஷ்டம்.

குடுக்கும்போது ரெண்டு செட் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணுல "தெரிமா" (வாங்கிக்கிட்டோம்) சாப்பும் தேதியும் வாங்கிட்டு வாங்க.

8. எப்ப கேக்கணும்

வடகிழக்கு மன்சூன் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். நடுவுல ஏப்ரல், அக்டோபர் பக்கம் சாயங்காலத்துல இடி மழை வந்து திடீர் வெள்ளம் வரும், அதையும் விடாம பதிவு பண்ணுங்க, ஏன்னா லோங்காங் குறை அந்த மழையிலதான் நல்லாத் தெரியும்.

மார்ச்ல தண்ணி வடிஞ்சா ஏப்ரலுக்குள்ள ஆதாரம் எல்லாம் ஒரே பைல்ல இருக்கணும். மே, ஜூன்ல எஞ்சினியர் அளவு, மதிப்பீடு. மத்திய அரசு பட்ஜெட் வழக்கமா அக்டோபர்ல, மாநில பட்ஜெட் அதுக்கு அடுத்தாப்புல, மஜ்லிஸ் பட்ஜெட் வருஷக் கடைசிக்கு முன்னாடி, ஆனா எதுலயும் சேர்க்க வேண்டிய பட்டியல் மாசக்கணக்குக்கு முன்னாடியே மூடிடும். வருஷ நடுவுக்குள்ள கொண்டு போங்க. பெரிய ஆத்து வேலைன்னா ஐஞ்சாண்டுத் திட்டத்துக்குள்ள வருஷா வருஷம் போடுற ரோலிங் பிளான்ல ஏறணும், 13வது மலேசியத் திட்டம் 2026ல இருந்து 2030 வரைக்கும்.

செப்டம்பர், அக்டோபர்ல இன்னொரு வாய்ப்பு வரும். வருஷக் கடைசிக்குள்ள செலவு பண்ணி முடிக்க வேண்டிய ஒதுக்கீடு சில ஆபிஸ்ல மிச்சம் இருக்கும், நிலப் பிரச்சனை இல்லாத, சீக்கிரம் முடிக்கக்கூடிய வேலையைத் தேடுவாங்க. அப்ப உங்க பைல் மேசையில தயாரா இருக்கணும். அந்த நேரத்துல போய் ஆரம்பிச்சா முடியாது. அப்புறம், ஜொகூர்ல 2025ல இருந்து ஆபிஸ் லீவு சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு, பழைய பழக்கத்துல ஞாயித்துக்கிழமை கெளம்பிப் போயிடாதீங்க.

9. காசு பாஸ் ஆனப்புறம்

பாஸானது தெரிஞ்சதும் ஊரே ஓய்ஞ்சிடும், ஆனா இங்கதான் கண்ணு வேணும். சின்ன வேலையெல்லாம் சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவுள்ள ஜி1 (சின்ன வேலைப் பிரிவு) காண்டிராக்டருங்களுக்கு குலுக்கல்லயோ சேபுத் ஹார்காவுலயோ போகும், யார் வந்தாலும் முதல் நாள் தளத்துக்குப் போய் எஞ்சினியரோட நின்னு, வாய்க்கால் தாளைக் காட்டி, மழை வந்தா தண்ணி எங்க இருந்து வரும்னு சொல்லுங்க. மன்சூன் ஆரம்பிக்கிறப்ப பழைய கல்வெர்ட்டை உடைக்க விடாதீங்க, அந்த மாசம் தண்ணிக்கு வழியே இருக்காது, வேலை அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

சரிவைக் கவனிங்க. லோங்காங் பாக்க அழகா இருக்கும், ஆனா தண்ணி ஊத்துனா பின்னால ஓடும், இல்லன்னா நடுவுல தேங்கி கொசு வரும். முடிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி தண்ணி லோரியில தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. முடிஞ்சப்புறம் டிஎல்பின்னு ஒரு காலம் இருக்கு, அதுக்குள்ள வர்ற வெடிப்பு, சரிவுக் குறை எல்லாம் காண்டிராக்டர் தன் செலவுல சரி பண்ணணும். அந்தத் தேதி எப்ப முடியுதுன்னு மஜ்லிஸ்ல கேட்டு வீட்டுக் காலண்டர்ல எழுதி வைங்க, அதுக்கு முன்னாடி வர்ற முதல் பெரிய மழையில குடையோட போய்ப் படம் எடுத்து, குறை இருந்தா எழுத்துல குடுங்க. தேதி தாண்டிட்டா அது மஜ்லிஸ் செலவு, திரும்பவும் முதல் படி.

10. "பெருந்துக்கான் தியாடா" (ஒதுக்கீடு இல்ல)ன்னு பதில் வந்தா

நிறைய தடவை இப்படித்தான் பதில் வரும், மனசு விட்டுடாதீங்க. வாயால "காசு இல்ல"ன்னு சொன்னா ஏத்துக்காம எழுத்துல கேளுங்க. காசு இல்லைன்னு எழுதுனா வேலை தேவைதான்னு அவங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம், அந்த லெட்டரை இணைப்பா வெச்சு அடுத்த வாசலுக்கும் அடுத்த வருஷத்துக்கும் கொண்டு போகலாம். "எங்க பொறுப்பு இல்ல"ன்னு எழுதுனா யார் பொறுப்புன்னும் எழுதச் சொல்லுங்க. பதிலே வரலன்னா அந்த ஆபிஸோட சிஸ்பாங்கிற புகார் வெப்சைட்டுல அடுவான் (புகார்) போடுங்க, நம்பர் குடுப்பாங்க, அதை வெச்சுப் பின்தொடரலாம், அதுக்கும் அசையலன்னா பீரோ பெங்காடுவான் அவாம் (பொதுப் புகார் பிரிவு) இருக்கு. அடுவான்ல கோவத்தை எழுதாதீங்க, தேதி, தெரிமா சாப்பு, பைல் நம்பர் இது மூணும் போதும்.

கமிட்டி மாறும்போது பைலைக் கை மாத்துங்க. கவுன்சிலர் பதவியும் அதிகபட்சம் மூணு வருஷ நியமனம்தான், பெரிய வேலை அதைவிட நீளம். ஒரு செட் பேப்பரா பாலாய் ராயா அலமாரியில மேல் தட்டுல, ஒரு செட் கூகிள் டிரைவ்ல ரெண்டு பேர் பேர்ல. ஒவ்வொரு மழைக்கும் புதுப் படம், புதுத் தேதி சேத்துட்டே போங்க, ஜனவரில ஒரு தடவை பழைய விண்ணப்பத்தைப் புது விலையோட புதுப்பிச்சு திரும்ப அனுப்புங்க.